கத்தரீன் என்ற பெயரும் கண்டி ராணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் குழந்தைப் பெயர்ப் பகுதியில் ‘கத்தரீன்: கிரேக்கப் பெயர். பொருள்: தூய்மையானவள்’ என்று ஒரே வரி வந்திருந்தது. மலையகத்தில் பெயர் தேடும் பெற்றோர் பலர் அந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். சொன்ன பொருளில் ஒரு திருத்தம் இருக்கிறது. கண்டியில் ராணியாக இருந்த ஒரு கத்தரீனாவை அந்த வரி விட்டுவிட்டது. பெயரை எப்படி எழுதுவது, எங்கே பிழை நுழைகிறது என்பதும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

முதலில் பொருள். இப்பெயரின் பழைய கிரேக்க வடிவம் ‘ஐக்காத்தெரீனே’. இன்றைய கிரேக்கர் அதை ‘எக்காத்தெரீனி’ என்கிறார்கள், பேச்சில் ‘காத்தெரீனா’. தூய்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘கத்தரோஸ்’. தமிழில் எழுதினால் இரண்டிலும் ஒரே ‘த’ தான். கிரேக்கத்திலோ அவை இரண்டு வேறு எழுத்துகள்: பெயரில் இருப்பது ‘தௌ’, தூய்மைச் சொல்லில் இருப்பது ‘தீட்டா’. பெயரின் முன்னால் நிற்கும் ‘ஐ’யும் அந்தச் சொல்லில் கிடையாது. ஆகவே தூய்மை என்ற பொருள் பெயரோடு பிறந்தது அல்ல. கிறிஸ்தவம் பரவிய பிறகு, ஒலி ஒத்திருப்பதைக் கண்ட எழுத்தாளர்கள் பொருத்தி வைத்தது அது. லத்தீன் எழுத்தில் ‘டி’ (T) எழுத்துக்குப் பின்னால் ஓர் ‘எச்’ (H) சேர்ந்ததும் அந்த விளக்கத்தின் விளைவே. ஆங்கிலக் கத்தரினில் இன்றைக்கும் நிற்கிற அந்த ‘எச்’சுக்கு இதுதான் வரலாறு. அறிஞர் சிலர் ‘இருவரில் ஒவ்வொருவரும்’ என்ற பொருளுடைய ‘ஹெக்காத்தெரோஸ்’ என்ற சொல்லை மூலமாகக் காட்டுகிறார்கள். வேறு சிலர் ஹெக்காத்தே என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தோடு இணைக்கிறார்கள். இரண்டில் எதுவும் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவாகவில்லை. ‘கிறிஸ்தவ மரபில் தூய்மை என்று பொருள் கொள்வர்’ என்று நீங்கள் போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

பெயரைப் புகழ்பெறச் செய்தவர் அலெக்சாந்திரியா நகரின் புனித கத்தரீனம்மாள். நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமைப் பேரரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில் வாழ்ந்தவர் என்று மரபு கூறுகிறது. ஐம்பது தத்துவ அறிஞரை வாதில் வென்றார், முள் பதித்த சக்கரத்தில் கட்டப்பட்டபோது சக்கரம் உடைந்தது, பிறகு தலை வெட்டப்பட்டார் என்பது மரபுக் கதை. சிலைகளிலும் படங்களிலும் அவர் பக்கத்தில் உடைந்த சக்கரமும் வாளும் இருப்பது அதனால்தான். சுருபத்தைப் பார்த்து எந்தப் புனிதை என்று கண்டுகொள்ள அந்தச் சக்கரம் போதும். அவர் வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்ட சான்று எதுவும் இல்லை. கதை எழுத்தில் வந்தது சில நூற்றாண்டுகள் கழித்து. 415இல் அதே அலெக்சாந்திரியாவில் கும்பலால் கொல்லப்பட்ட கணித அறிஞை ஹைப்பேஷியாவின் சாயல் கதையில் கலந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இந்தச் சான்றுக் குறையால் 1969இல் கத்தோலிக்கப் பொது நாட்காட்டியிலிருந்து அவருடைய நாள் எடுக்கப்பட்டது. 2002இல், விரும்பினால் கொண்டாடலாம் என்ற ‘விருப்ப நினைவாக’த் திரும்ப வந்தது. பெரியவர்கள் சிலர் ‘அந்தப் புனிதையை எடுத்துவிட்டார்களே’ என்று இன்னும் சொல்வதுண்டு. எடுத்தது உண்மை, திரும்பச் சேர்த்ததும் உண்மை. நவம்பர் 25 அவருடைய திருநாள்.

எகிப்தின் சீனாய் மலையடிவாரத்தில் ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய துறவிமடம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதன் அருகிலுள்ள கத்தரீனா மலை எகிப்திலேயே உயரமானது, 2,600 மீட்டருக்கு மேல். நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீட்டர். உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அங்கே மரமும் மழையும் அரிது.

இனி, இந்தக் கிரேக்கப் பெயர் நம் பக்கம் வந்த வழி. 1510 நவம்பர் 25ஆம் திகதி, அதாவது கத்தரீனம்மாள் திருநாளன்று, அல்புகேர்க் தலைமையில் போர்த்துக்கேயர் கோவாவைக் கைப்பற்றினார்கள். வெற்றியை அந்தப் புனிதைக்கு உரியதாக்கி அங்கே சிற்றாலயம் கட்டினார்கள். பிறகு எழுந்த கோவாப் பேராலயமும் அவர் பெயரிலேயே அமைந்தது. போர்த்துக்கல்லில் மன்னர் மூன்றாம் ஜொவாவின் அரசியும் ஒரு கத்தரீனாவே. கோவாவிலிருந்து ஆசியக் கரையெங்கும் போன போர்த்துக்கேயப் பாதிரிமார் ஞானஸ்நானத்தில் கொடுத்த பெயர்களில் ஆணுக்கு ஜொவாவும் பெண்ணுக்குக் கத்தரீனாவும் இருந்ததற்கு இவை காரணம். அப்படிக் கொடுத்த பெயர்களில் ஒன்றுதான் கண்டி அரண்மனை வரை ஏறியது.

அந்தப் பெயரைத் தாங்கிய கண்டி ராணியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நமது பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் இவரை ‘தோனா கத்தரீனா’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ‘தோனா’ என்பது பெயரின் பகுதி அல்ல. உயர்குலப் பெண்ணுக்குப் போர்த்துக்கேயர் இடும் மரியாதைச் சொல், ஆணுக்கு ‘தோம்’ என்பது போல. சிங்களப் பெயர் குசுமாசன தேவி. தந்தை கண்டி மன்னர் கரலியத்த பண்டார. 1580களின் தொடக்கத்தில் சீதாவாக்கை அரசின் முதலாம் இராஜசிங்கன் கண்டியைப் பிடித்தபோது கரலியத்த பண்டார குடும்பத்தோடு கிழக்கு நோக்கித் தப்பி ஓடினார். வழியில் அம்மை நோயில் மன்னரும் ராணியும் இறந்தனர். எஞ்சிய பெண் குழந்தை போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் மன்னாருக்குச் சென்றது. அங்கேதான் கத்தரீனா என்ற பெயர் கிடைத்தது. அவரோடு இருந்த உறவினர் யமசிங்க பண்டார தோம் பிலிப் ஆனார். பிலிப்பும் கிரேக்கப் பெயர்தான்.

1594இல் பேத்ரோ லோப்பஸ் தெ சோஸா தலைமையில் ஒரு படை இந்த இளவரசியைக் கண்டி அரியணையில் அமர்த்துவதற்காக மலையேறியது. மக்கள் அதை ஏற்கவில்லை. உடன் வந்த உள்ளூர் லஸ்கரின் படையினரும் கைவிட்டுப் போனார்கள். கண்டிக்கு மேற்கே யட்டிநுவரைப் பகுதியிலுள்ள தந்துரையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. வென்றவர் கொனப்பு பண்டார. அவரும் முன்பு போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்று ‘ஆஸ்திரியாவின் தோம் ஜொவா’ என்று பெயர் வாங்கியவர். பௌத்தத்துக்குத் திரும்பி, முதலாம் விமலதர்மசூரியன் என்று முடிசூடினார். கண்டி அரச வம்சத்தின் உரிமை கத்தரீனாவிடம் இருந்ததால் அவரையே மணந்தார். படையால் கிடைத்த அரியணையை மக்கள் ஏற்கச் செய்தது இந்தத் திருமணம். 1602இல் கண்டிக்கு வந்த ஒல்லாந்துக் கடற்படைத் தலைவர் ஸ்பில்பெர்க்கன் அரசரோடு ராணியையும் பிள்ளைகளையும் சந்தித்தார். அவர்கள் கிறிஸ்தவ முறையில் உடுத்தியிருந்ததாகக் குறித்திருக்கிறார். 1604இல் அரசர் இறந்ததும் அடுத்து வந்த செனரத் மன்னரும் இவரையே மணந்துதான் அரியணையில் நிலைத்தார். 1613இல் இவர் காலமானார். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை முறியடித்த இரண்டாம் இராஜசிங்கன் இவருடைய மகன். மலைநாட்டு அரசின் இரண்டு ஆட்சிகள் ஒரு பெண்ணின் வம்ச உரிமையில் ஊன்றி நின்றன. அந்தப் பெண்ணை வரலாறு கூப்பிடுவது கிரேக்கப் பெயரால். பெயர்ப் பகுதியில் கத்தரீன் என்று போடும்போது முதல் உதாரணமாக இவரைப் போடுங்கள்.

மலையகத்துக்குப் பொருத்தமான இன்னொரு கத்தரீனா பிரகன்சா குலத்துப் போர்த்துக்கேய இளவரசி. 1662இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ள்ஸை மணந்தவர். ‘இங்கிலாந்துக்குத் தேநீரைக் கொண்டுவந்தவர்’ என்று இவரைப் பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1658 செப்டெம்பரிலேயே லண்டன் செய்தித்தாளில் தேநீர் விளம்பரம் வந்துவிட்டது. கோப்பிக் கடைகளில் விற்பனையும் நடந்தது. இவர் செய்தது வேறு. போர்த்துக்கல் அரண்மனையில் பழகிய தேநீரை இங்கிலாந்து அரண்மனைப் பெண்களின் வழக்கமாக்கினார். விலையுயர்ந்த சீன மருந்துப் பானம் என்றிருந்தது பெரிய வீடுகளின் பானமாயிற்று. இவரது திருமண ஒப்பந்தத்தில் பம்பாய் சீதனமாகப் போனது எல்லோருக்கும் தெரியும். 1661இன் அதே ஒப்பந்தத்தில் இலங்கையும் இருந்தது: ஒல்லாந்தரிடமிருந்து போர்த்துக்கேயர் தீவை மீட்டால் காலித் துறைமுகம் ஆங்கிலேயருக்கு, ஆங்கிலேயர் பிடித்தால் கொழும்பு போர்த்துக்கேயருக்கு. இரண்டும் நடக்கவில்லை. இலங்கையில் முதன்முதலாக வணிகத்துக்காக லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல், இந்த ராணி இங்கிலாந்தில் கால் வைத்து 205 ஆண்டுகளுக்குப் பிறகு.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். சியன்னா நகரின் புனித கத்தரீனாள் (1347–1380) துணிக்குச் சாயம் போடுபவரின் மகள். பாப்பரசர் பதினோராம் கிரகோரி பிரான்ஸின் அவிஞ்ஞோனை விட்டு 1377இல் உரோமுக்குத் திரும்ப வற்புறுத்தியவர். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்டார். ரஷ்யாவின் மகா கத்தரீன் பிறப்பில் ஜெர்மானியர், முதற்பெயர் சோபி. அதுவும் கிரேக்கம். 1744இல் ஓர்தொடொக்ஸ் சபையில் சேர்ந்தபோது யெக்கத்தெரீனா ஆனார். யெக்கத்தெரீன்பர்க் நகரத்தை இவரோடு சேர்த்துச் சொல்வது பிழை. அது 1723இல் எழுந்தது. பெயர் முதலாம் கத்தரீனுக்கு உரியது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரில் மூவர் கத்தரின்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் கணித அறிஞை கத்தரின் ஜோன்சன் (1918–2020), 1962இல் ஜோன் கிளென் பூமியைச் சுற்றும் முன் கணினி போட்ட கணக்கைக் கையால் சரிபார்த்தவர். பெண் பிள்ளைக்குப் பெயர் தேடும் ஆசிரியப் பெற்றோருக்கு இவரை முக்கியமாகச் சொல்லுவோம். வட அமெரிக்காவின் மொஹாக் குலப் பெண் கத்தேரி தெக்கக்விதா (1656–1680) 2012இல் புனிதராக உயர்த்தப்பட்டார். சியன்னா கத்தரீனாள் பெயரில் ஞானஸ்நானம் பெற்றவர், அவர்கள் நாவில் அது கத்தேரி ஆயிற்று. இந்த வடிவத்தை வைக்க விரும்புவோர் ‘த்த’ போட்டு எழுதுவது நல்லது. ‘ட்ட’ போட்டால் தமிழில் காட்டேரி ஞாபகம் வந்துவிடும். பள்ளியில் பிள்ளைக்கு அது பெரிய துன்பம்.

பெயர் ஒன்றே என்றாலும் பாதுகாவலி ஒருவர் அல்லர். திருநாளைத் தெரிந்துகொள்ள எந்தக் கத்தரீன் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அலெக்சாந்திரியா என்றால் நவம்பர் 25. சியன்னா என்றால் ஏப்ரல் 29. அற்புதப் பதக்கத்தின் காட்சியை 1830இல் கண்ட கத்தரீன் லபூரே என்றால் நவம்பர் 28. ஜெனோவா நகரத்தவர் என்றால் செப்டெம்பர் 15. கத்லீன், கட்ரியோனா, கத்தலீனா, கரின், கரென், கேட், காத்யா எல்லாம் இதே பெயரின் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, ஸ்பெயின், சுவீடன், டென்மார்க், இங்கிலாந்து, ரஷ்ய வடிவங்கள். தோட்டத்துக் கத்லீன்களும் நவம்பர் 25ஐத் தாராளமாகக் கொண்டாடலாம்.

இனி எழுத்து. இங்கேதான் அதிகம் கெடுகிறது.

தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனித்து வரும் ‘த’ மெலிந்து ஒலிக்கும். ‘கதரின்’ என்று எழுதினால் ‘கதவு’ என்பதில் வரும் ஒலியே வரும். அதை ஆங்கிலத்தில் மாற்றுபவர் T எழுத்துக்குப் பதில் மெல்லொலி எழுத்தான D போடக்கூடும். ஆகவே இரட்டித்த ‘த்த’ வேண்டும். அடுத்தது ‘ரி’யா ‘ரீ’யா என்பது. போர்த்துக்கேய, இத்தாலிய வடிவங்களில் அழுத்தம் அந்த எழுத்தில் விழுவதால் நெடில் பொருந்தும். ஆங்கில வடிவத்தில் அழுத்தம் முதலெழுத்தில் விழும், கடைசி குறில். எனவே கத்தரீன் அல்லது கத்தரீனா என்பது ஒரு வகை. கெத்ரின் என்பது இன்னொரு வகை. இரண்டையும் கலந்து கேத்தரீன், காத்ரின் என்று பத்திரத்துக்குப் பத்திரம் மாற்றக் கூடாது. ‘கத்தரின்’ என்று குறில் போட்டால் கத்தரிக்காயை இழுத்துக் கேலி செய்வதற்கு இடம் உண்டு. நெடில் போட்டால் அது பெருமளவு போய்விடும். எங்கள் தெரிவு ‘கத்தரீன்’. ஐந்தே எழுத்து, நமது மக்கள் வாயில் ஏற்கனவே ‘கத்தரீனம்மா’ என்று பழகிய வடிவம்.

ஆங்கிலத்தின் முதல் உயிரெழுத்து அகரமும் அல்ல, எகரமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கும். சிங்களத்தில் அதற்குத் தனி எழுத்து இருக்கிறது, தமிழில் இல்லை. ஆகவே ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்குப் போகும்போது ஒலி கெடாமல் நிற்கும். சிங்களத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ‘கெ’, ‘கே’, ‘கா’ என்று மூன்றாகச் சிதறும். அங்கிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குப் போனால் ‘சி’ எழுத்தில் தொடங்கிய பெயர் ‘கே’ எழுத்தில் தொடங்கும், நடுவில் ‘ஏ’ இருந்த இடத்தில் ‘ஈ’ வரும். யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. பதிவு சிங்களத்தில், பாடசாலை தமிழில், கடவுச்சீட்டு ஆங்கிலத்தில் என்று பெயர் மூன்று கை மாறுவதால் நேர்வது.

தடுக்கும் வழி எளிது. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவாகி, சத்தியக்கடதாசி உட்பட வேறு பத்திரங்கள் தேவைப்படும். பதிவாளரிடம் போகும் முன்பே ஒரு தாளில் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய தனித்தனி எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்களத்தை நன்றாக எழுதத் தெரிந்தவர், ஆசிரியராகவோ கிராம உத்தியோகத்தராகவோ இருந்தால் நல்லது, ஒருமுறை பார்க்கட்டும். வாயால் சொல்லாமல் தாளையே கொடுங்கள். பதிவேட்டில் எழுதி முடிந்ததும் கையெழுத்துக்கு முன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் எழுதிய மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். கையெழுத்திட்டபின் ஒரு புள்ளியைத் திருத்தவும் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டிவரும். பழைய பத்திரங்களைச் சான்றாகக் காட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் அதற்கு ஒரு நிமிடம் போதும்.

தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் அதே தாளில் தீர்மானியுங்கள். இராயப்பன் என்றால் தமிழில் ‘இ’, ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்றும் ‘ஐ’ என்றும் எழுதுபவர் உண்டு. யோசேப்பு ‘வை’ ஆவதும் ‘ஜே’ ஆவதும் உண்டு. ஞானப்பிரகாசம் என்றால் ‘ஜி’யும் ‘என்’னும் வரும். பிள்ளையின் பெயர் சரியாக இருந்தும் முதலெழுத்து மாறியதால் பத்திரங்கள் பொருந்தாமல் போவது மலையகத்தில் சாதாரணம். பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் போதுதான் பலர் கவனிக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் கழுத்தைப் பிடிக்கும் வேளை அது. கவனிக்காமலே விட்டவர்களுக்கு வேலையை விட்டு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கும் வயதில் வருகிறது. அப்போது ‘இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியதாகிறது.

பாட்டி, பூட்டியின் பெயரைத் தேடிப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லத்தீனில் எழுதிய பதிவுகளில் பெயர் வேற்றுமை உருபு ஏற்று வரும். ‘இன்னாரை ஞானஸ்நானம் செய்தேன்’ என்ற வாக்கியத்தில் பிள்ளையின் பெயர் ‘கத்தரீனாம்’ என்று மகர ஒற்றில் முடியும். ‘இன்னாரின் மகள்’ என்ற இடத்தில் தாயின் பெயர் இறுதியில் ‘ஏ, ஈ’ என்ற இரண்டு எழுத்துகளோடு நிற்கும். இரண்டும் உருபுகளே, பெயர் கத்தரீனா மட்டும். உருபோடு அப்படியே படியெடுத்துச் சான்றிதழ் கொடுத்தால் தாய்க்கு ஒரு பெயர், மகளுக்கு வேறு பெயர் என்று ஆகிவிடும். பதிவேட்டின் ஓரத்தில் பெயரை மட்டும் தனியாக எழுதியிருந்தால் அந்த வடிவத்தையே எடுக்க வேண்டும். பழைய கையெழுத்தில் ‘டி’யின் குறுக்குக்கோடு மங்கி ‘எல்’ போலத் தெரிவதும் உண்டு. ‘கலரீனா’ என்று எங்கேயாவது படியெடுத்திருந்தால் மூலத்தைத் திரும்பப் பாருங்கள்.

உங்கள் பெயர்ப் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பெயர்களைப் போடும்போது பொருளோடு நிறுத்தாமல் தமிழ், சிங்கள எழுத்து வடிவத்தையும், கிறிஸ்தவப் பெயர்களுக்குத் திருநாளையும் சேர்த்து அச்சிடுங்கள். அடுத்து ஐரீன், ஆக்னேஸ், பிலோமினா, அகத்தா, வெரோனிக்கா ஆகியவை வரும் என்று எதிர்பார்க்கிறோம். ஐந்திலும் கிரேக்க வேர் இருக்கிறது, ஐந்தும் தோட்டங்களில் வழங்குகின்றன. வெரோனிக்காவுக்கு ‘உண்மையான உருவம்’ என்று பொருள் சொல்வது பின்னால் பொருத்திய விளக்கம். அதன் மூலம் ‘வெற்றி கொணர்பவள்’ என்ற பெரெனிக்கே. அதை அச்சிடும் முன் சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பதிவேடுகளோடு பழகும் வாசகர் இருவர்,
ஹட்டன்.